கடைசி நாற்காலிக்கு ஒரு குலவை

போன வாரம் எங்கள் வீட்டு டிரையர் நின்றுபோனது. சரிபார்க்க ஆள் வர வியாழக்கிழமை ஆகும் என்றார்கள். ஈரத் துணியை வியாழக்கிழமை வரை வைத்திருப்பது என் சுபாவத்தில் கிடையாது. கூடையைக் காரில் ஏற்றிக்கொண்டு, ஃபிரிஸ்கோவில் காசு போட்டுத் துணி உலர்த்தும் கடை ஒன்று இன்னும் இருக்கிறது என்று கண்டுபிடித்துப் போனேன். கதவைத் திறந்ததும் வெதுவெதுப்பான காற்றோடு அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. துணியோடு டிரையருக்குள் போடுவோமே, மெல்லிய வாசனைத் தாள், அதன் வாசனை. கொஞ்சம் பூ, கொஞ்சம் பவுடர், எந்தப் பூ என்று மட்டும் சொல்லவே முடியாது. எனக்கு உடனே டெரலின் காலுறைகள் ஞாபகம் வந்தன.

யார் டெரல் என்று கேட்பீர்கள். சொல்கிறேன், அதற்கு முன் அந்தத் துவைக்கும் அறையைச் சொல்லிவிட வேண்டும்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் நாங்கள் டெக்சாஸில், டாலஸை ஒட்டிய இர்விங்கில் ஒரு அபார்ட்மெண்டில் இருந்தோம். கல்யாணமாகி வந்த புதிது. கணவருக்கு லாஸ் கொலினாஸில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. என் விசாவில் நான் வேலை செய்யக்கூடாது. எனக்கோ சும்மா இருக்கத் தெரியாது. ஆகவே வீட்டு வேலைகளுக்கு எல்லாம் கிழமை வகுத்தேன். செவ்வாயும் வெள்ளியும் துணி. துவைக்கும் அறை எங்கள் கட்டடத்தின் பின்னால், நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எதிர் வீட்டுச் செல்வியும் அதே நாட்களில் வருவாள். அருப்புக்கோட்டைப் பக்கம். என்னைவிட இரண்டு வயது சின்னவள், என்னைவிட இரண்டு மடங்கு சத்தம். அவள் கணவரும் என் கணவரும் ஒரே ஆபீஸ், ஒரே கார். எங்களுக்கு அந்த அறைதான் கடைத்தெரு, கோவில், சினிமாக் கொட்டகை எல்லாம்.

ஒரு ஜனவரி மாதம், பொங்கலுக்குச் சில நாள் முன்பு, அந்த அறையின் கதவைக் குனிந்து தாண்டி ஒரு பையன் உள்ளே வந்தான். குனிந்து என்றால் மரியாதைக்காக அல்ல, நிமிர்ந்தால் நிலையில் இடிக்கும். கையில் தலையணை உறை நிறையத் துணி. சோப்புப் பவுடரை அவன் இயந்திரத்தில் கொட்டிய அளவைப் பார்த்துச் செல்வியால் பொறுக்க முடியவில்லை.

"ஐயையோ தம்பி, அம்புட்டையும் போடாத! நுரை தரையெல்லாம் வந்துரும்!"

தமிழில்தான் சொன்னாள். அவன் கை நின்றுவிட்டது. "சாரி, மேம்" என்றான். அவன்தான் டெரல். அன்று முதல் எங்களுக்குத் தம்பி ஆனான்.

அவன் பேசியது மெதுவான தென்மாநில ஆங்கிலம், இரண்டு வார்த்தைக்கு ஒரு மேம். ஆனால் எனக்கு அவன் பேச்செல்லாம் தமிழிலேயே நினைவிருக்கிறது. செல்விக்கு உடனுக்குடன் நான் மொழிபெயர்த்துச் சொன்னதால் இருக்கலாம்.

அவன் எங்கள் நகரத்துத் தொழில்முறைக் கூடைப்பந்து அணியில் ஆடுகிறவன் என்று தெரிந்தபோது, அப்படிப்பட்டவன் ஏன் இங்கே நம்மோடு துணி துவைக்கிறான் என்றுதான் முதலில் தோன்றியது. என் கணவர்தான் விளக்கினார். அவருக்கு இந்த விஷயத்தில் தனி அனுபவம் உண்டு. கல்லூரி வாலிபால் அணியில் மூன்று வருடம் டிராக் சூட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தவர்.

"சீனியர் ஒருத்தனுக்கு முட்டில அடி. அவன் வர்ற வரைக்கும் இவன பத்து நாள் கான்ட்ராக்ட்ல எடுத்திருக்காங்க. அப்பறம் இன்னொரு பத்து நாள் எக்ஸ்டெண்ட் பண்ணலாம். அதுக்கு மேல கிடையாது. சீசன் முடியற வரைக்கும் வெச்சுக்கணும், இல்லன்னா அனுப்பிடணும்."

எக்ஸ்டெண்ட் என்ற சொல் எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கியது. கணவரின் வேலையும் அப்போது இரண்டு இரண்டு வாரமாகத்தான் நீண்டுகொண்டிருந்தது. நான் அரிசி வாங்கும்போதுகூடச் சின்ன மூட்டையாகத்தான் வாங்குவேன். அதனாலோ என்னவோ, பெயர்கூடச் சரியாக வாயில் நுழையாத ஒருவனின் இருபது நாட்கள் எனக்குச் சொந்த விஷயமாகிவிட்டன. அவனுக்கு வயது இருபத்திரண்டு. சின்ன லீக் ஒன்றில் பஸ்ஸில் ஊர் ஊராகப் போய் ஆடிக்கொண்டிருந்தவன். இது தவறினால் மறுபடி அந்தப் பஸ்தான்.

பொங்கலன்று செல்வி அவனுக்குக் கிண்ணத்தில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தாள். அவன் முந்திரியைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "இது ஓட்ஸ் கஞ்சியா, மேம்?" என்றான். பிறகு இரண்டாவது கிண்ணம் கேட்டான். அந்தச் சந்தோஷத்தில் நான் ஒரு கேள்வி கேட்டேன். ஆட்டத்தில் இறங்காத நாளெல்லாம் அவன் என்னதான் செய்கிறான்?

"வேறொருத்தனாக இருக்கிறேன்" என்றான்.

பயிற்சியில் அவன் வேலை அதுதான். நாளை எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியின் பெரிய வீரனைப் போல அவன் ஆடிக் காட்ட வேண்டும். அந்த வீரன் எந்தத் தோளைச் சாய்ப்பான், எந்தக் காலில் திரும்புவான் என்று வீடியோவில் பார்த்து, அதையே செய்ய வேண்டும். சீனியர்கள் அவனை அடக்கிப் பழகுவார்கள். தன் ஆட்டத்தை ஆடவே கூடாது. "செவ்வாய்க்கிழமை ஒருத்தன், வியாழக்கிழமை ஒருத்தன்" என்று சிரித்தான். யாருக்குப் பதிலாக எப்போது இறக்குவார்கள் என்று தெரியாததால் எல்லா இடத்துக்கும் உண்டான ஆட்டத் திட்டங்களையும் மனப்பாடம் செய்திருந்தான். பன்னிரண்டு நாற்காலிகளில் அவனுடையது கடைசி. முதல் எட்டு ஒன்பது பேர்தான் ஆடுவார்கள். மிச்சப் பேர் சோர்ந்து வருகிறவர்களுக்குத் துண்டு நீட்டவும், இடைவேளையில் முதலில் எழுந்து நிற்கவும் வேண்டும். அதையும் பயிற்சியாளர் கவனிப்பாராம்.

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீரர்களுக்கு இரண்டு இலவச டிக்கெட் உண்டு. அவனுக்கு அந்த ஊரில் யாருமில்லை. எங்களுக்காக இன்னொரு வீரனிடமும் இரண்டு கேட்டு வாங்கி, நான்காகக் கவுண்டரில் வைத்துவிட்டான். உறையின் மேல் செல்வியின் பெயரை எழுதியிருந்தான். அதில் ஒரு எழுத்துகூடச் சரியில்லை.

அன்றைக்கு எங்கள் அணி கேவலமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. அந்த வருடங்களில் அது செய்தியே அல்ல. நான்கு பகுதிகளில் மூன்றாவது முடிவதற்குள் ஜனங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கார் நிறுத்துமிடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். இருபத்தைந்து புள்ளி பின்தங்கி, இனி ஒன்றுமில்லை என்று ஆனபிறகு, பயிற்சியாளர் பெஞ்சின் கடைசியைப் பார்த்து விரலை அசைத்தார். டெரல் எழுந்து மேல்சட்டையைக் கழற்றினான்.

செல்வி எழுந்து நின்றாள். நாக்கைச் சுழற்றி ஒரு குலவை போட்டாள் பாருங்கள்!

பாதி காலியான அரங்கம். சத்தம் கூரைக்குப் போய்த் திரும்பி வந்தது. முளைப்பாரிக்கும் கல்யாணத்துக்கும் போடுகிற குலவை, சொந்த அணி இருபத்தைந்து புள்ளியில் தோற்கும்போது. பெஞ்சில் இருந்த அத்தனை தலைகளும் எங்கள் பக்கம் திரும்பின. பயிற்சியாளரின் தலையும். நாங்களும் விடவில்லை, எழுந்து கை தட்டினோம். டெரல் மூன்று நிமிடம் ஆடி ஒரு கூடை போட்டான். அதற்கு ஒரு குலவை. காரில் வரும்போது என் கணவர், "டெக்சாஸ்லயே இன்னிக்கு சந்தோஷமா வீட்டுக்குப் போறது நாம நாலு பேர்தான்" என்றார். அவரும் சந்தோஷமாகத்தான் இருந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை டெரல் துவைக்கும் அறைக்கு வந்தபோது முகம் சரியில்லை. காலுறைகளை எல்லாம் ஜோடி சேர்த்து முடித்தான். பிறகு சொன்னான்:

"மேம், அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் நாங்கள் அப்படித் தோற்கும்போது வேண்டாம். யாருடைய இடத்தில் நான் இறங்குகிறேனோ அவர்கள் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் நான் அவர்கள் பக்கத்தில்தான் போய் உட்கார வேண்டும்."

நான் மொழிபெயர்த்தேன். செல்வி முகம் செத்துப்போயிற்று.

"வாயைக் கட்டிக்கிறோம்னு சொல்லுங்கக்கா" என்றாள். அவன் போனதும், "நல்லது நடக்கயில குலவை போடலேன்னா விளங்குமாக்கா?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தாள். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்தப் பெரிய ஆளுக்கு முட்டி கொஞ்சம் மெதுவா ஆறுனா ஆகாதா?" என்றாள். சொன்ன கையோடு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். "தப்பு, தப்பு." நானும் மனதுக்குள் போட்டுக்கொண்டேன்.

முதல் பத்து நாள் முடிந்தது. இரண்டாவதும் கொடுத்தார்கள். அதுவும் ஓடியது. எங்கள் வீட்டுக் காலைச் செய்தித்தாளில் விளையாட்டுப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒவ்வொரு வீரனின் கணக்கும் வரும். அவன் பெயருக்கு நேரே பெரும்பாலும், ஆடவில்லை, பயிற்சியாளர் முடிவு என்று இருக்கும். காப்பி ஆறும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவன் ஒப்பந்தத்தில் கடைசி உள்ளூர் ஆட்டத்தன்று பனிமழை. சாலையெல்லாம் கண்ணாடி. டெக்சாஸ்காரர்கள் அந்த மாதிரி நாளில் வீட்டைவிட்டு நகரமாட்டார்கள். எங்களுக்கு அதெல்லாம் தெரியாததால் மணிக்கு இருபது மைல் வேகத்தில் ஃப்ரீவேயில் ஊர்ந்து போய்ச் சேர்ந்தோம். அரங்கத்தில் ஆளே இல்லை. ஆட்டமோ அன்றைக்கென்று பார்த்து இழுபறி. எதிரணியில் ஒரு மலை மாதிரி ஆள். அவனைத் தடுக்க முயன்றே எங்கள் அணியின் உயரமான வீரர், ஒருவருக்கு அனுமதித்த ஆறு பிழைகளும் செய்து வெளியேறிவிட்டார். மாற்று ஆளுக்குக் கணுக்கால் பிசகியது. இன்னும் ஆறு நிமிடம். இரண்டு புள்ளி வித்தியாசம். பயிற்சியாளர் பெஞ்சைப் பார்த்தார். பார்வை நாற்காலி நாற்காலியாக நகர்ந்து கடைசிக்கு வந்தது.

செல்வி தன் கோட்டின் கையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் அவள் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டேன். நாங்கள் நான்கு பேரும் ஒரு சத்தமும் போடவில்லை.

அந்த மலைமனிதனாகத்தான் டெரல் இரண்டு நாளாகப் பயிற்சியில் இருந்தான். அது எங்களுக்குத் தெரியும், துணி மடிக்கும்போது எங்களுக்கே ஒருமுறை ஆடிக் காட்டினான். இடது தோளைச் சாய்ப்பான், இரண்டு முறை பந்தைத் தட்டுவான், பிறகு வலப்புறம் சுழன்று பாய்வான். கடைசி நிமிடத்தில் அந்த மலைமனிதன் தோளைச் சாய்த்தான். இரண்டு தட்டு. அவன் சுழல்வதற்கு முன்பே டெரல் வலப்புறத்தில் போய் நின்றுவிட்டான். கால் நகராமல், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றான். அப்படி நிற்கிறவன்மேல் வந்து மோதினால் பிழை மோதியவனுடையது, பந்து நம்முடையது. மோதிய சத்தம் எங்கள் வரிசைக்குக் கேட்டது. விசில் ஒலித்தது. பந்து எங்களுக்கு. டெரல் மல்லாந்து கிடந்தபடியே சிரித்தான். நாங்கள் அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

ஜெயித்தோம். எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த கூட்டத்திலிருந்து டெரல் வெளியே வந்து, எங்களை நிமிர்ந்து பார்த்து, கையை வாயருகே கொண்டுபோய் ஆட்டினான். இப்போது போடுங்கள் என்று.

செல்வி போட்டாள். மூச்சு முட்டும்வரை போட்டாள். பெஞ்சில் இருந்த பிள்ளைகள் துண்டைச் சுழற்றிக்கொண்டு அதைப்போலக் கத்திப் பார்த்தார்கள். ஒருவனுக்கும் வரவில்லை.

மறுநாள் செய்தித்தாளில் அவன் பெயருக்கு நேரே ஆறு நிமிடம் என்று இருந்தது. அதற்கப்புறம் புள்ளி, கூடை எல்லாம் வரிசையாகச் சைபர். நெஞ்சில் மோதல் வாங்குவதற்கு அந்தக் கட்டங்களில் இடம் கிடையாது.

இரண்டு நாள் கழித்து ஒப்பந்தம் முடிந்தது. சீனியரின் முட்டி சரியாகிவிட்டது. அன்று செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. ஆனாலும் டெரல் எங்கள் கதவைத் தட்டினான். கையில் பாதி சோப்புப் பவுடரும், பிரிக்காத வாசனைத் தாள் டப்பா ஒன்றும். "பெட்டியில் இடமில்லை, மேம்." பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று கேட்டேன். "தயாராக இரு என்றார்." சிரித்தான். "எல்லோரிடமும் அதைத்தான் சொல்வார்." குரல் கேட்டு எதிர் வீட்டிலிருந்து வந்த செல்வியைக் குனிந்து கட்டிக்கொண்டான். அவள், "போயிட்டு வா தம்பி" என்றாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் கணவர் வந்து ஷூவைக் கழற்றிக்கொண்டே, "எனக்கு ஆறு மாசம் எக்ஸ்டெண்ட் பண்ணிட்டாங்க" என்றார். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்தவர்போல எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய் உப்புமா கிண்டினேன்.

வெளிநாட்டு லீக்குகளில் சில வருடம் ஆடினான் என்று பிறகு எங்கோ படித்தேன். அதற்கப்புறம் தெரியவில்லை. அந்த அரங்கத்தை இடித்துவிட்டார்கள். அபார்ட்மெண்டில் வீட்டுக்கு வீடு வாஷர் வைத்துவிட்டதால் துவைக்கும் அறை இப்போது சைக்கிள் நிறுத்தும் இடம். செய்தித்தாளே வருவதில்லை, அப்புறம் பொடி எழுத்துக்கு எங்கே போவது. அந்த டப்பாத் தாள்களை நான் பாதி பாதியாகக் கிழித்து ஒன்றரை வருடம் ஓட்டினேன்.

செல்வி இப்போது நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சரில் இருக்கிறாள். உலர்ந்த துணியோடு காருக்கு வந்ததும் அவளைக் கூப்பிட்டேன். வாசனையைச் சொன்னேன். உடனே, "தம்பியா!" என்றாள். கொஞ்ச நேரம் சிரித்தோம். பிறகு அவள் மகளின் பட்டமளிப்பைப் பற்றிச் சொன்னாள். பெண்ணின் பெயரைக் கூப்பிட்டதும் செல்வி எழுந்து, நாக்கைச் சுழற்றப் போனாளாம். முன் வரிசையில் இருந்த சின்ன மகன் திரும்பி, "அம்மா, ப்ளீஸ், டோன்ட்" என்றானாம்.

"உக்காந்துட்டேன்க்கா" என்றாள் செல்வி. "அம்புட்டுப் பெரிய அரங்கத்துல வாயில கைய வச்சுப் போடுங்கன்னு கேட்டது அந்த ஒரு பயதானே."