சத்திரக்காரனின் பாட்டு

சுவரொட்டிகளில் சித்தியின் பெயருக்கு மேல் இப்போதெல்லாம் 'எழுத்தும் இயக்கமும்' என்று போடுகிறார்கள். அவருடைய நாடகங்களில் பேச்சே கிடையாது, முழுக்கப் பாட்டுதான். நகரத்து அரங்குகளில் டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்கள். பேட்டிக்கு வருகிறவர்கள் கேட்டால், "மொதல் மேடை தாம்பரத்துல, சர்ச்சுல, கிறிஸ்மஸ் நாடகம்" என்பதோடு முடித்துக்கொள்வார். அந்த மேடையில் நானும் நின்றேன். ஆறாவது படித்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் சித்தியும் சித்தப்பாவும் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, கைக்குழந்தையோடு எங்கள் ஒற்றை அறை வீட்டில் இருந்தார்கள். காலை நீட்டிப் படுக்க இடமில்லை. எனக்கோ தினமும் பண்டிகை. சித்தி எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்த்தார். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அதனால் சமைத்துக்கொண்டே நாடகத்தைப் பாடுவார். வீட்டில் பள்ளிக்கூடம் போகிறவன் நான் ஒருவன்தான் என்பதால் எழுதிக்கொள்வேன்.

சர்ச் கமிட்டிச் செயலாளருக்கு இதில் நம்பிக்கையே இல்லை.

"வருஷா வருஷம் காமெடி போட்டுத்தான் ஜனத்த உக்கார வெக்கிறோம் சிஸ்டர். பாட்டாவே பாடி எல்லாரும் எழுந்து போய்ட்டாங்கன்னா, இதான் உங்களுக்கு மொதலும் கடைசியும்."

சித்தி தலையாட்டிவிட்டு வந்தார். அன்றிலிருந்து ஒத்திகையில் எங்களை ஒரு வழி பண்ணிவிட்டார்.

எனக்குச் சத்திரக்காரன் வேடம். நிறைமாத மரியாளும் யோசேப்பும் தங்க இடம் கேட்டு வரும்போது இல்லையென்று அனுப்புகிறவன். நான் மை மீசையை முறுக்கிக்கொண்டு கர்ஜித்தேன்.

"இன்னாடா கத்துற? தாலாட்டு மாதிரி பாடு."

"வெரட்டுறவன் சித்தி அவன்!"

"வெரட்டுறவங்க கத்த மாட்டாங்கடா. உள்ள வாம்மா, உக்காரும்மா, தண்ணி குடிக்கிறியாம்மான்னு அன்பாத்தான் கேப்பாங்க. அப்புறம்தான் சொல்லுவாங்க."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "போதும் வுடுடி" என்றாள். குழந்தை முழித்துக்கொள்ளும் என்பதற்காகச் சொல்கிறாள் போலும் என்று நான் குரலைத் தணித்தேன். "ஆங், இதான்!" என்றார் சித்தி.

நாடகத்தன்று தேவதூதன் பாடும்போதே பின்வரிசை நாற்காலிகள் நகரத் தொடங்கின. செயலாளர் கையில் மைக்கோடு படிக்கட்டுக்கு அருகே வந்து நின்றார். அடுத்தது நான்.

"மோட்டார் ஒருவேளதான் போடுவோம் தாயீ... கைப்புள்ள பொறந்தா தண்ணிக்கு எங்க போவேன்..."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "ஊருலேர்ந்து மச்சான் வராரு, அவருக்குத்தான் அந்த ரூமு..." என்று இழுத்ததும் முன்வரிசை அக்கா ஒருத்தி பக்கத்தில் இருந்தவள் தொடையில் அடித்து, "ஐயோ, எங்க ஹவுஸ் ஓனரேதான்டி!" என்றாள். எழுந்தவர்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். செயலாளர் வயிறு குலுங்கச் சிரித்து மைக்கைக் கீழே வைத்தார். சித்தி ஜெயித்துவிட்டார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பாவமாத்தான் கீது, கோச்சிக்காதம்மா... வேற எங்கனா பாரும்மா..."

கைதட்டல் நடுவே திரை ஓரம் பார்த்தேன். சித்தி சிரிக்கவில்லை. குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றார். அவர் உதடுகள் அந்த வரியையே சொல்லிக்கொண்டிருந்தன. நான் மறந்துவிடுவேனோ என்று எடுத்துக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது என்று காட்ட வேண்டாமா? அவரைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசி வரியை இன்னொரு முறை, இன்னும் இனிமையாகப் பாடினேன்.