சேர் இறங்கிய பிறகு வந்த ரிசல்ட்

முதலில் மன்னிப்பு. வாராவாரம் இங்கே மாவு புளிக்காததையும் பஸ் நிற்காமல் போனதையும் எழுதுகிறவள், பத்தாவதோடு நின்றவள்... ரத்தப் பரிசோதனையைப் பற்றி எழுதலாமா? படித்தவர்கள் சிரித்தாலும் சரி, இந்த வாரம் எழுதத்தான் போகிறேன்.

என் கணவருக்கு ரத்தப் புற்றுநோய் சிகிச்சை நடக்கிறது. எதிர்ப்புச் சக்தி இறங்கிய நேரம் பார்த்து நுரையீரலுக்குள் பூஞ்சை புகுந்துவிட்டது. ஆமாம், பழைய ரொட்டியில் படருமே, அந்த மாதிரிதான்! திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் மருந்து ஏறுகிறது. காய்ச்சல் இறங்கவில்லை.

டாக்டரம்மா சொன்னார்: "காய்ச்சலை மட்டும் பாத்துப் பயப்படாதீங்க. அந்தப் பூஞ்சை ரத்தத்துல ஒரு பொருளைக் கலக்கும். அதோட அளவு குறைஞ்சா மருந்து கேக்குதுன்னு அர்த்தம். ரெண்டாவது தடவையா ரத்தம் அனுப்பியிருக்கோம். சாயங்காலம் ரிசல்ட் வரும்."

அதற்கு முன்பே கணவரின் அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், வந்துவிட்டார். கூடவே ஆம்புலன்ஸ்.

"ஏம்மா, கெளம்பு. சங்கரன்கோவிலுக்குக் கொண்டு போயிருவோம். மூச்சு வீட்லதான் அடங்கணும். பந்தலுக்குச் சொல்லியாச்சு, துட்டி கேக்க வாறவுக உக்கார சேரும் வந்து எறங்கிட்டு."

நம் ஊர் வழக்கம்தான். பாசம்தான். ஆனால் இந்தப் பாசத்துக்கு ஏன் இவ்வளவு அவசரம்?

அத்தான் முன்னால் நான் நிமிர்ந்து பேசியதே இல்லை. அன்று கட்டிலை மறித்துக்கொண்டு நின்றேன்.

"ரிசல்ட் வரட்டும் அத்தான்."

"நம்பர் வந்து என்ன செய்யப் போகுது? ஆளத் தொட்டுப் பாரு, கொதிக்கான்லா!"

கட்டிலிலிருந்து என் கணவரின் குரல், நூல் மாதிரி: "ஏண்ணே... அந்தச் சேர்ல நீ போயி உக்காரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சிரிக்கவில்லை.

ரிசல்ட் வந்தது. முதல் தடவையைவிட அந்த அளவு நன்றாகக் குறைந்திருந்தது.

"பிழைச்சிட்டார்னு சொல்ல மாட்டேன். மருந்தை நிறுத்தக் கூடாதுன்னு சொல்லுவேன்" என்றார் டாக்டரம்மா.

எனக்கு அது போதும்.

"ஆம்புலன்ஸ அனுப்பிருங்க அத்தான். பந்தலையும் பிரிக்கச் சொல்லுங்க. இவுக வீட்டுக்கு வந்தா நடந்து வருவாக. இல்லைன்னா மருந்து ஏறிக்கிட்டு இருக்கும்போதே போவாக. பாதியில தூக்கிட்டுப் போக விடமாட்டேன்."

"நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா ஊரு உன்னத்தான் பேசும்."

"பேசட்டும்."

மறுநாளும் காய்ச்சல் இருந்தது. அதே மருந்தில் அடுத்த பாட்டிலை மாட்டினார்கள்.