முப்பது மீட்டர் வளைவு

கோடுகளை ஒல்லியாக்குவதுதான் என் வேலை. வண்ணாரப்பேட்டையில் ஒரு மேப் கம்பெனி. கால்வாய், ரோடு, கடற்கரை எல்லாம் கம்ப்யூட்டரில் ஆயிரக்கணக்கான புள்ளிகளாக வரும். வடிவம் மாறாமல் வேண்டாத புள்ளிகளை எடுத்துவிட்டால் ஃபைல் லேசாகிவிடும். அதில் நான் கெட்டிக்காரி என்ற நினைப்பு எனக்கு எப்போதும் உண்டு.

என் அண்ணன் திருவொற்றியூரில் ஃபைபர் போட் வைத்திருக்கிறார். எந்தப் பாதையில் வலை விட வேண்டும் என்பது அவருடைய பழைய ஜிபிஎஸ்ஸில் ஒரு கோடாக இருந்தது. பாதையோரம் கடலடியில் மூழ்கிப்போன கப்பலின் இரும்பு கிடக்கிறது. ஜிபிஎஸ் திரை மங்கி எதுவும் தெரியாமல் போன ஒரு நாள், வலை அந்த இரும்பில் மாட்டிக் கந்தலானது. மீதி இருந்தது ஒரே ஒரு நல்ல வலை. அதனால் வேறு ஜிபிஎஸ் வாங்கினார், செகண்ட் ஹேண்டில். ஒரு கோட்டுக்கு ஐந்நூறு புள்ளிகளுக்கு மேல் அது ஏற்காது. பழைய கோட்டில் பல ஆயிரம் இருந்தன.

இது நம்ம வேலைதானே என்று அந்தக் கோட்டை வாங்கிக்கொண்டேன். ஐம்பது மீட்டருக்குள் விலகும் புள்ளிகளை எல்லாம் தூக்கிவிடக் கம்ப்யூட்டருக்குச் சொன்னேன். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இரண்டு கோடுகளையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் அச்சு அசல். அண்ணனிடம் நீட்டிவிட்டுப் பாராட்டுக்காகக் காத்து நின்றேன், அதை மறைப்பானேன்.

அவர் பாராட்டவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, இரும்புக்கு முன்னால் ஒதுங்கிப் போகும் வளைவு எங்கே என்று கேட்டார். வெறும் முப்பது மீட்டர் வளைவு, கம்ப்யூட்டர் அதை நேராக்கியிருந்தது. கிழக்கே ஒரு பெரிய சுற்று மட்டும் அப்படியே இருந்தது. கோட்டைப் பதிவு செய்த நாளில் சோற்றுக் குண்டான் தண்ணீரில் விழுந்து மிதந்து போக, அதைத் துரத்திக்கொண்டு போட்டைத் திருப்பிய சுற்றாம் அது. குண்டானைப் பத்திரப்படுத்தி இரும்பைத் தொலைத்திருந்தது என் கெட்டிக்காரத்தனம்.

ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. முப்பது மீட்டரெல்லாம் ஒரு பெரிய விஷயமா, ஆபீஸில் இதைவிட அதிகமாகவே விட்டுவிடுவோம் என்று வாதாடினேன். அண்ணன் கோபப்படவில்லை. அதுதான் எனக்குச் சுட்டது.

"உனுக்கு அது சின்ன வளைவும்மா. எனுக்கு அங்க வலை கீது."

மறுபடியும் உட்கார்ந்தோம், இந்த முறை சேர்ந்து. அவர் கை வைத்த புள்ளிகளை எல்லாம் அழியாதபடி பூட்டினேன். குண்டான் சுற்றை வெட்டி எறிந்தேன். மற்ற இடங்களில் தாராளமாகக் குறைத்ததும் கோடு ஐந்நூறுக்குள் அடங்கியது. மதியச் சாப்பாடு ஆறிப்போனது.

மறுநாள் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டுக் கரையில் நின்றேன். புதுக் கோட்டை நம்பிப் போன போட் திரும்பி வருவது தெரிந்ததும் தண்ணீர் ஓரத்துக்கு ஓடினேன். அண்ணியும் நானும் வலையை மணலில் விரித்துக் கண் கண்ணாகத் தடவிப் பார்த்தோம். ஓர் இடத்தில்கூடக் கிழிசல் இல்லை. சந்தோஷத்தில் நான் அங்கேயே அழுதுவிட்டேன்.

அண்ணன் மீன் கூடையை இறக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு அழுவுற? பழைய ஜிபிஎஸ்ல இன்னும் நாலு கோடு கீது. வூட்டுக்கு வா, ஒக்காரலாம்."