தப்பா பேசினா துரத்துங்க

எல்லோரும் சிரித்தபோது அவர் உட்காரவில்லை. அதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. காரைக்காலுக்கு வெளியே நான் வேலை பார்க்கும் டைல்ஸ் தொழிற்சாலையில் அன்று திங்கட்கிழமைக் கூட்டம். சன்னல் கண்ணாடியில் கடல்காற்று உப்பைப் பூசியிருந்தது. அதன் வழியே வந்த வெளிச்சத்தில் தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது போலிருந்தது எங்களுக்கு. ஆய்வகத்துக்குப் புதிதாக வந்திருந்த அஸ்ஸாம்காரப் பெண், முப்பது வயதுகூட இராது, எழுந்து தமிழில் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பெயர், ஊர், படிப்பு எல்லாம் சரியாகவே வந்தன. கடைசியில், "நான் தப்பா பேசினா துரத்துங்க" என்றார்.

சிரிப்பு அடங்கும்வரை எங்கள் முகங்களைப் பார்த்தபடி நின்றார். பிறகு பக்கத்திலிருந்த என்னிடம், "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்டார்.

"திருத்துங்கன்னு சொல்ல வந்தீங்க மேடம். தொரத்துங்கன்னு சொல்லிட்டீங்க. வெரட்டி வுடுங்கன்னு ஆயிடும்ங்க அது."

அவரும் சிரித்துவிட்டார். "தப்பா பேசினா திருத்துங்க" என்று நிதானமாக ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார். அன்றிலிருந்து அவர் எங்களுக்கு லேப் மேடம்.

நான் சுரக்குடிக்காரன். அப்போதே எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. பெட்டி கட்டி அனுப்பும் பிரிவில் பதினைந்து வருடம். மாதம் ஒருமுறை தலைமை அலுவலகத்தோடு திரையில் கூட்டம் நடக்கும். ஒவ்வொருவரும் தம் பெயரையும் வேலையையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அன்று காலையில் பல் துலக்கும்போதே நான் ஒத்திகையைத் தொடங்கிவிடுவேன். என் முறை வந்ததும் பெயர் மட்டும் வாயிலிருந்து விழும். மிச்சத்தை ஷிஃப்ட் சூப்பர்வைசர் சொல்வார். ஓரங்கள் உடையாமலிருக்க வைக்கோலைப் பிரியாக முறுக்கி டைல்ஸுக்கு நடுவே வைத்துக் கட்டும் முறையை எங்கள் வயலிலிருந்து கொண்டுவந்தவன் நான். அதையும் அவரே தன்னுடையதாகச் சொல்லிவந்தார். நான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒரு மாலை அரசலாற்றின் முகத்துவாரத்துப் பக்கம் லேப் மேடத்தைப் பார்த்தேன். ஆறும் கடலும் ஒரே சாம்பல் நிறத்தில் கலந்துகிடந்தன. படகுகள் எதன்மேல் மிதக்கின்றன என்றே தெரியவில்லை.

"உங்க வேலைய ஏன் அவர் சொல்றாரு?"

"எனக்கு இங்கிலீஷ் வராதுங்க மேடம்."

"எனக்கும் தமிழ் வராது." என் பக்கம் திரும்பினார். "சரி, தமிழ்ல சொல்லுங்க. நீங்க யாரு?"

நான் சொல்லத் தொடங்கினேன். வைக்கோலின் ஈரம் எவ்வளவு இருக்க வேண்டும், எந்தப் பெட்டி லாரியில் எங்கே நிற்க வேண்டும் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. கலங்கரை விளக்கம் சுழல ஆரம்பித்துவிட்டது. அவருக்குப் பாதிகூடப் புரிந்திராது. ஆனால் தமிழிலும் அதுவரை நான் என்னைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை என்பது அந்த மணலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. சொல்ல இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தபின் அதை நாலு வரி ஆங்கிலமாக்குவது அத்தனை பெரிய பாடாக இல்லை.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன். பெயர் சொன்னேன், பிரிவு சொன்னேன், இந்த முறையை என் ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்றேன். வைக்கோலுக்கு ஆங்கிலம் வரவில்லை. முதல்நாள் படித்த சொல் எங்கோ போய்விட்டது. சூப்பர்வைசர் வாயைத் திறந்தார். நான் உட்காரவில்லை. நெல் அறுத்தபின் வயலில் மிஞ்சுவது, அதற்கு உங்கள் சொல் என்ன என்று திரையைப் பார்த்து ஆங்கிலத்திலேயே கேட்டேன். "ஸ்ட்ரா" என்றது ஒரு குரல். "ஸ்ட்ரா" என்று திருப்பிச் சொல்லி, மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை. அதன்பிறகு உடைசல் பற்றிய கேள்விகள் என் பெயரைச் சொல்லி வந்தன, அவ்வளவுதான்.

மூன்று வருடம் கழித்து லேப் மேடம் சொந்த ஊர்ப் பக்கமே வேலை கிடைத்துப் போனார். வழியனுப்பும் கூட்டத்தில் பத்து நிமிடம் தமிழில் பேசினார். ஏகப்பட்ட பிழைகள். யாரும் சிரிக்கவில்லை, யாரும் திருத்தவுமில்லை. அந்தத் தமிழ் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது.

போன மாதம் புது எண்ணிலிருந்து அவரை அழைத்தேன். யார் பேசுகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். நானும் ஆங்கிலத்திலேயே என் பெயர், சுரக்குடி, இப்போது அந்தப் பிரிவுக்கு நானே பொறுப்பாக இருப்பது எல்லாவற்றையும் தடங்கலில்லாமல் சொன்னேன். நடுவில் அவர் குறுக்கிடவே இல்லை.

"மேடம், அடையாளம் தெரியலீங்களா?"

"முதல் வார்த்தையிலயே தெரிஞ்சிடுச்சு" என்றார் தமிழில். "நீங்க முழுசா சொல்லி முடிக்கட்டும்னு இருந்தேன்."