ரொக்கெட்டுக்கு வாசித்த சுரம்

வங்காலைக் கோயில் பாடகர் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பவள் மெற்றில்டா. போரில் இடம்பெயர்ந்தவர்கள் ஊர் திரும்பிய மறுவருசம், விஞ்ஞானம் படிப்பிக்கும் யதுர்சிகா ரீச்சர் பள்ளிக்கூட மண்டபத்தில் விண்வெளிப் படம் காட்ட ஒழுங்கு செய்தார். படத்தோடு கூடவே இருந்து வாசிக்க மெற்றில்டாவைக் கேட்டார். இருவரும் முதலில் படத்தைப் போட்டுப் பார்த்தார்கள். ரொக்கெட் இரைந்து கிளம்பியதும் மெற்றில்டா காதைப் பொத்தினாள்.

“ரீச்சர், படத்தின்ர சத்தத்தை நிப்பாட்டுங்கோ. எங்கட சனம் செல்லடி எண்டு நினைச்சு எழும்பி ஓடிடும். முழுக்க நான் வாசிக்கிறன்.”

அன்று பின்னேரம் யன்னல்களைத் தறப்பாள் விரிப்புகளால் மூடி மண்டபத்தை இருட்டாக்கினார்கள். ரொக்கெட் நெருப்புக் கக்கியபோது அவள் அடிச்சுரம் ஒன்றை மெல்ல அழுத்தி, விடாமல் பிடித்திருந்தாள். திருவிழா வெடிக்கே கட்டிலுக்குக் கீழே ஒடுங்கிவிடும் அவளுடைய கணவன் சூசைதாசன், முன்வரிசைக் கதிரையில் அசையாமல் இருந்தான். திரையில் நீலப் பூமி சுழன்று வர, சுரங்கள் நீண்டு நீண்டு கரைந்தன.

படம் முடிந்ததும் அவன் அவளருகே வந்தான்.

“அங்க உண்மையா சத்தமே இல்லையோ?”

“இல்லையாம். காத்து இல்லாத இடமாம்.”

“அப்ப இன்னும் கொஞ்ச நேரம் வாசியுமன்,” என்றான்.

வெளிச்சம் போடப் போன ரீச்சர் சுவிச்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.