சந்தோசத்திலை அழுறாள்

ரீவி சூடேறும்போது ஒரு மணம் வரும். தூசி கருகுகிற மணம். பரீதா வீட்டு முன் அறையில் அந்த மணம் எழும்பினால், இன்னும் கொஞ்ச நேரத்தில் படம் தெளிந்துவிடும் என்று அர்த்தம்…

நேற்று நண்பர் ஒருவர் இந்த இணையப் பக்கத்தில் கேட்டிருந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஏன் ஒரு பெண்பிள்ளையைப் போட்டு வதைக்கிற அனிமேஷன் தொடர்களாகத் தேடிப் பார்க்கிறார்கள் என்று. பதில் எழுதப்போய் இவ்வளவு நீண்டுவிட்டது.

எண்பத்தாறாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் ஓட்டுமடம். எனக்குப் பதினொரு வயது. நாலு ஒழுங்கை தள்ளி பரீதா வீடு. அவளுடைய உம்மா குருநாகல் பக்கத்து ஆள். பரீதாவும் எட்டு வயது வரை அங்கேதான் வளர்ந்தாள். எங்கள் சுற்றாடலில் சிங்களம் விளங்கிய பிள்ளை அவள் ஒருத்திதான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு கார்ட்டூன் தொடர் போகும். எந்த நாட்டில் கீறினார்களோ தெரியாது, எங்களுக்குச் சிங்களத்தில் வந்தது. பனி கொட்டுகிற ஊர். தாய் தகப்பன் இல்லாத ஒரு பெட்டை. முகத்தில் பாதி கண்தான். கையுறை தைக்கும் வீடொன்றில் வேலைக்கு விட்டிருந்தார்கள். தோளில் எப்போதும் ஒரு சால்வை. கறுப்பு வெள்ளை ரீவிதான், ஆனாலும் சால்வை நீலம் என்று பரீதா அடித்துச் சொல்வாள்.

சால்வைப் பெட்டைக்கு இருந்த ஒரே சொந்தம் அவளுடைய அண்ணன்; பரீதா வீட்டுப் பேச்சில் 'நானா'. கப்பலில் வேலை.

ஒவ்வொரு கிழமையும் அவளுக்கு ஏதாவது நடக்கும். சாப்பாடு கிடையாது. ஊசி விரலில் ஏறும். வீட்டுக்காரி அவள் தலைமயிரைக் கத்தரித்துவிடுவாள். பரீதா மெல்லிய குரலில் தமிழில் சொல்லிக்கொண்டே வருவாள். நான் மூக்கை உறிஞ்சாமல் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்போதெல்லாம் எனக்கு அது வெறும் கதை.

ஆவணி மாதம் எங்கள் அண்ணை, "ரியூஷனுக்குப் போட்டு வாறன்" என்று போனார். வரவில்லை. மூன்றாம் நாள் யாரோ ஒருவர் அவருடைய சைக்கிளை உருட்டிவந்து மதிலோடு சாத்திவிட்டுப் போனார். அண்ணை போராட இயக்கத்துக்குப் போய்விட்டார் என்று அப்போதுதான் விளங்கியது.

அம்மா கதவைச் சாத்திவிட்டு என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"அழப்படாது. விளங்குதோ? ஆரும் கேட்டால், கொழும்பிலை மாமா வீட்டை போட்டார் எண்டு சொல்லு."

"ஓம்."

அம்மாவும் அழவில்லை. கிணற்றடியில் துவைத்த உடுப்பையே திரும்பத் திரும்பத் துவைத்தார். நானும் அழவில்லை. பரீதாவிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் பங்கு பனங்கட்டியை என் கையில் வைத்தாள்.

அதற்கு அடுத்த சனி… தபால்காரன் பனிக்குள்ளால் வருகிறான். சால்வைப் பெட்டை ஓடிப்போய்க் கடிதத்தை வாங்கிப் பிரிக்கிறாள். வாசிக்கிறாள். அப்படியே முழந்தாளில் விழுந்து, பனியைக் கையால் அடித்து அடித்து அழுகிறாள்.

பரீதா தமிழில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"அண்ணை வாறாராம்."

"அப்ப ஏன் அழுறாள்?"

"அது… சந்தோசத்திலை அழுறாள்."

நான் நம்பினேன். உண்மையாகவே நம்பினேன். அந்த நேரம் பார்த்து அவளுடைய உம்மா தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். ரீவியைப் பார்த்தபடி நின்றார்.

"யா அல்லாஹ்… அந்தப் புள்ளைட நானா கப்பலோட கடல்ல மூழ்கிப் போயிட்டாரே! இனி அந்தப் புள்ளைக்கு யாரு இரிக்கா?"

"உம்மா!" பரீதா கத்திவிட்டாள்.

எனக்கு என்ன நடந்தது என்று தெரியாது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு சத்தம் கிளம்பியது. அண்ணை போய்ப் பன்னிரண்டு நாள். அன்றைக்குத்தான் அழுதேன். உம்மாவுக்கு விஷயம் தெரியாது. படத்துக்கு இப்படி அழுகிறாளே என்று பதறி என்னை அணைத்துக்கொண்டார். பிறகு அவரும் அழுதார். பரீதாவும். நாங்கள் மூன்று பேரும் ஒரு கார்ட்டூன் பெட்டைக்காக அரை மணித்தியாலம் அழுதோம்.

வீட்டுக்கு வந்தபோது கண் வீங்கியிருந்தது. அம்மா பார்த்தார்.

"என்னடி?"

"படத்திலை ஒரு பெட்டையின்ரை அண்ணை செத்துப்போட்டார்."

அம்மா என் முகத்தைத் துடைத்துவிட்டார். "வாற சனி நானும் வாறன்" என்றார்.

வந்தார். சிங்களம் ஒரு சொல்லும் தெரியாத அம்மா, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தார். அதற்குப் பிறகு ஒரு சனியும் தவறவில்லை. எங்களுக்குச் சால்வைப் பெட்டை நல்லா இருக்கக் கூடாது என்று இருந்தது… சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அவள் சிரிக்கிற கிழமை அழக் கிடைக்காமல் அதே நெஞ்சுப் பாரத்தோடு வீட்டுக்குத் திரும்புவோம்.

அண்ணை வரவில்லை. இரண்டு வருடம் கழித்துச் செய்திதான் வந்தது.

தொண்ணூறில் இயக்கக்காரர் முஸ்லிம் சனம் எல்லோரையும் சில மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகச் சொன்னார்கள். நாங்கள் அறிந்து ஓடிப்போனபோது பரீதா வீட்டுக் கதவு திறந்தபடி கிடந்தது. அந்த வருடம் கரண்டும் இல்லை. அவளுக்காக அழ எங்களுக்கு ஒரு படமும் இல்லை.

இப்போது அவள் புத்தளத்தில். பேரப்பிள்ளையும் கண்டுவிட்டாள். போனில் பிடித்தபோது கேட்டேன்.

"அண்டைக்கு ஏன் பொய் சொன்னனி?"

"யோசிச்சுச் சொல்லேல்லையடி. உன்ரை முகத்தைப் பாத்தன், வாயிலை அப்பிடித்தான் வந்தது."

அன்றைக்கு ஒரு பெட்டிக்கு முன்னால் நாங்கள் இத்தனை பேர். இன்றைக்கு, புலம்பெயர்ந்து வந்த இந்த ஸ்காபரோவில் ஆளுக்கொரு திரை, காதில் ஹெட்போன், சாத்திய அறை. போன கிழமை மகளின் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். திரையில் பெரிய கண் வைத்த ஒரு பிள்ளை மழையில் கிடந்தது. மகளின் கன்னமெல்லாம் ஈரம்.

"அம்மா, இது சரியான சோகம். உங்களாலை பாக்க ஏலாது."

"தள்ளி இரு" என்று பக்கத்தில் இருந்தேன்.

இரண்டு பாகம் போயிற்று. மூன்றாவது பாகத்தின் நடுவில், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"அம்மா… மாயா என்னோடை கதைச்சு மூண்டு கிழமை."

"உன்ரை உயிர்ச் சிநேகிதியல்லோ, ஏனாம்?"

அவள் சொல்லத் தொடங்கினாள். தொடரை நிப்பாட்டச் சொல்லவில்லை நான். அது தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது.