மாமா செய்த கப்பலின் சங்கிலி

எங்கள் மாமா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். நீச்சல் தெரியாது. காவிரியில்கூட முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டார். அவர் ஒருமுறை பாதிப் பயணத்திலேயே ஊர் திரும்பி, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து, தான் போன கப்பலையே ஒரு முழ நீளத்தில் செய்ய ஆரம்பித்தார். கூட வேலை பார்த்த ஒருவர் அந்தக் கப்பலிலிருந்து கடலில் விழுந்து இறந்துபோயிருந்தார். தென்னூரில் இருந்த அவருடைய மனைவி, "எந்த எடத்துலேர்ந்து விழுந்தாங்கன்னு கண்ணால பாத்தாப் போதும்ண்ணே" என்று மாமாவிடம் கேட்டிருந்தார். அதற்காகத்தான் கப்பல்.

நான் அப்போது நாலாம் வகுப்பு. விரல் சிறியது என்ற ஒரே தகுதியை வைத்துத் தலைமைப் பொறியாளராக என்னை நானே நியமித்துக்கொண்டேன். கப்பலின் உடம்பைச் செய்வது சுலபம். சில்லறைச் சாமான்களில்தான் உயிர் போகும். மின்சார வயரின் மேலுறையை மெல்லிசாகச் சீவினால், ஆபத்தில் தூக்கிப் போடும் மிதவை வளையம். உள்ளிருக்கும் செம்பு இழையை ஊசியில் சுருளாகச் சுற்றி, பிளேடால் நெடுகக் கீறினால் பொடிப்பொடி வளையங்கள் உதிரும். ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்தால் சங்கிலி. விளிம்பு நெடுகத் தலை வெட்டிய குண்டூசிகளை நட்டு நூல் கட்டினால் தடுப்பு.

"எனக்குப் புடவையில குத்த ஒரு ஊசி இல்ல, கப்பலுக்கு வேலி போட்டாச்சு" என்றாள் அம்மா.

அந்தத் தடுப்பில் ஓர் இடத்தில் மட்டும் திறப்பு இருந்தது. ஏணி இறக்குகிற வழி. ஏணி இல்லாதபோது குறுக்கே சங்கிலி மாட்டி வைக்கவேண்டும். சங்கிலியின் நுனியில் எறும்புக் கால் அளவுக்கு ஒரு கொக்கி. மாமா அதை இடுக்கியால் மாட்டுவார், பார்ப்பார், கழற்றித் தொங்கவிடுவார். மறுபடி மாட்டுவார். நாள்கணக்கில் இதே வேலை.

"மாட்டியே வைங்க மாமா. தொங்கினா அசிங்கமா இருக்கு" என்று தலைமைப் பொறியாளராகத் தீர்ப்புச் சொன்னேன். மாட்டினார்.

கண்ணாடிப் பெட்டிக்குள் கப்பலை வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் போனோம். "காவேரியில தண்ணி இல்லன்னு பஸ்ஸுல ஏத்திட்டீங்களா சார்?" என்றார் கண்டக்டர். பஸ்ஸே சிரித்தது, மாமாவைத் தவிர.

தென்னூர் வீட்டில் அந்த அம்மாள் டீயும் வர்க்கியும் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கப்பலுக்கு எதிரே உட்கார்ந்தார். மிதவை வளையம் வயரில் செய்தது என்றெல்லாம் நான் விளக்கியதை அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

"எந்த எடம்ண்ணே?"

மாமா காட்டினார். அந்த அம்மாள் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"சங்கிலி மாட்டித்தானே இருக்கு. அப்ப அவங்கதான் கவனமில்லாம போயிட்டாங்களா? எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க."

வழியில் ஏதாவது பெயர்ந்தால் சரிசெய்ய மாமா இடுக்கியைச் சட்டைப்பையில் வைத்திருந்தார். அதை எடுத்தார். பெட்டியின் மூடியைத் தூக்கிக் கொக்கியைக் கழற்றினார். சங்கிலி தொங்கியது.

"இப்படித்தாம்மா இருந்துச்சு. மாட்ட வேண்டியவன் நான்."

கொண்டுவந்து கொடுக்கும் நேரத்திலா வேலையைக் கெடுப்பது? நகத்தால் கொக்கியை மாட்டப் போனேன். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் பாப்பா. அப்படியே இருக்கட்டும்."

பிறகு மாமாவின் டம்ளரைப் பார்த்தார். "ஆறிப்போச்சேண்ணே. வேற போட்டு எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனார்.

அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் வரவில்லை. பாத்திரச் சத்தமும் இல்லை. மாமா இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நான் தட்டிலிருந்த வர்க்கியை எல்லாம் தின்று முடித்துவிட்டு, ஒரு டீ போட இவ்வளவு நேரமா என்று உள்வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.